கரைத்தெருவின் நீண்ட மார்கழி

எருக்கம்பாக்கத்துச் சதுப்புக்கு அந்த வருஷம் மார்கழி வழக்கம்போலத்தான் வந்தது. மூடுபனியோடும், கோரை நுனியில் தொங்கும் ஈரத்தோடும், வடக்கிலிருந்து வந்திறங்கிய ஆயிரக்கணக்கான பறவைகளின் இரைச்சலோடும் வந்தது. ஆனால் வந்த மார்கழி போகவில்லை. கடைத்தெருவில் பொங்கல் முடிந்தது, மாசி வந்தது, பங்குனி வெயிலில் தார்ச்சாலை இளகத் தொடங்கியது. சதுப்பின் ஓரமாக நீண்டு கிடக்கும் கரைத்தெருவில் மட்டும் ஜனங்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, தும்மிக்கொண்டே பால் பாக்கெட் வாங்கப் போனார்கள்.

இதை முதலில் கண்டுகொண்டவள் சூடாமணி. ஏனென்றால், விடிந்ததும் பழைய மதகின் மேல் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒரே சதுப்பைத் தினமும் படம் எடுக்கிற வேலையை அந்த ஊரில் அவள் ஒருத்திதான் செய்துகொண்டிருந்தாள்.

அவள் புருஷன் தணிகாசலம் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஊரில் பாதிப்பேரின் ரேஷன் கார்டிலும் கல்யாண ஆல்பத்திலும் இருப்பது அவர் பிடித்த முகங்கள்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சூடாமணி அந்தக் கடையில் படங்களை வெட்டினாள், ஆல்பம் ஒட்டினாள், வந்தவர்களுக்குச் சீப்பும் பவுடரும் எடுத்துக் கொடுத்தாள். கேமராவை மட்டும் அவர் அவள் கையில் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. பிறகு ஒருநாள் ஒரு சின்னக் குழந்தையைச் சிரிக்கவைக்க விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது, பேச்சு பாதியாகப் போனது, கொஞ்ச நாளில் சிறுநீரகமும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஸ்டுடியோவின் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, கரைத்தெரு வீட்டில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, சூடாமணி அவரைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, மறுபடி புரட்டிப் போடுவது என்று அது ஒரு முடிவில்லாத வேலையாக இருந்தது. நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது தன் வீட்டுப் பால் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு ரெஜினாதான் அதைப் பார்த்துவிட்டு, தினமும் விடிகாலையில் ஒரு மணி நேரம் தான் வந்து உட்காருவதாகவும், அந்த நேரத்தில் இவள் வெளியே போயே ஆகவேண்டும் என்றும், இல்லாவிட்டால் பக்கத்தில் இன்னொரு கட்டில் போடவேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். எங்கே போவது என்று சூடாமணிக்குத் தெரியவில்லை. கை சும்மா தொங்குவது பழக்கமில்லாததால் பீரோவிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு சதுப்புக்குப் போனாள். அப்படித்தான் ஆரம்பித்தது. மழைக்காலத்தில் மதகின் படிகளை மூழ்கடிக்கும் தண்ணீர், பச்சை பிடித்து எழும் கோரை, பிறகு அது பழுப்பாகிச் சாய்வது, வெடித்த சேற்றில் நண்டுப் பொந்துகள் என்று ஒரு வருஷம் முழுவதையும் அவள் ஒரே இடத்திலிருந்து பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநோக்கியோடு வருகிறவர்களிடம் கேட்டுக்கேட்டு, இது ஊசிவால் வாத்து, இது உப்புக்கொத்தி, அந்த நீண்ட அலகு வைத்திருப்பது கருவால் மூக்கன் என்று பெயர்களையும் தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து கேமராவின் சின்னத் திரையை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள். தணிகாசலம் உற்றுப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் இடது கையைப் பக்கவாட்டில் அசைப்பார். ஆடியிருக்கிறது என்று அர்த்தம். ஆடாமல் இருந்தால் கண்ணை மூடித் திறப்பார், அவ்வளவுதான். அவர் ஆரோக்கியமாக இருந்தபோதும் பாராட்டில் அவ்வளவு தாராளமானவர் இல்லை.

அந்த மார்கழியில் வந்து பார்த்த டாக்டர், அவளை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய், இந்தக் குளிர் போகட்டும், அப்புறம்தான் எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்ல முடியும் என்றார். சூடாமணி தலையாட்டினாள். குளிர் போகக் காத்திருந்தாள்.

மாசியின் பாதியில் அவள் பழைய படங்களோடு புதிய படங்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். போன வருஷம் இதே சமயத்தில் கருவால் மூக்கன்களின் கழுத்தில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் அவை அப்படித்தான் நிறம் மாறுமாம். இந்த வருஷம் அவை வந்த நாளில் இருந்ததுபோலவே சாம்பலாக நின்றன. கோரை சாயவில்லை. தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. நேற்றைய படத்தையும் அதற்கு முந்தின மாசத்துப் படத்தையும் அருகருகே வைத்தால் எது முன்னால் எடுத்தது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அவள் ரெஜினாவிடம் சொன்னாள். ரெஜினா டீக்கடை காஜா மைதீனிடம் சொன்னாள். காஜா மைதீன் கரைத்தெரு முனையிலிருக்கும் தன் கடைக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு, ஆமாம், டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் வெயிலடிக்கிறது, இந்தப் பக்கம் இல்லை என்றார். சொல்லிவிட்டுப் போய்ப் பாலைக் கிளறினார், தீய்ந்துவிடும் என்பதால்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வது, வேலைகள் கிடந்தன. கரைத்தெருவும் நடுத்தெருவும் சேரும் முனையில் இருந்த டிரான்ஸ்பார்மர்தான் எல்லை. அதைத் தாண்டி உள்ளே வரும்போது மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்தது, அதைத் தாண்டி வெளியே போகும்போது முதுகில் வியர்வை ஓடியது. தபால்காரர் பையில் ஒரு ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு முனையில் சைக்கிளை நிறுத்தி மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். நடுத்தெரு மாடிகளில் வற்றல் காய்ந்துகொண்டிருக்க, கரைத்தெருப் பெண்கள் துவைத்த துணி காயவில்லை என்று அதே மாடிகளுக்கு வாளியோடு போனார்கள். கரைத்தெருப் பெருமாள் கோயிலில் பட்டருக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி. விடிகாலையில் மார்கழிப் பொங்கல் வைப்பதை நிறுத்துவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை, ஆகவே சித்திரையிலும் வைத்தார், வைகாசியிலும் வைத்தார், குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. கரைத்தெருவில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பஞ்சாங்கப்படி வைகாசிதானே என்றார்கள், பெண் வீட்டார் பனி பெய்கிறதே என்றார்கள், மார்கழி என்பது காகிதத்தில் இருப்பதா காற்றில் இருப்பதா என்று பேசிப்பேசி ஓய்ந்துபோய், கடைசியில் நடுத்தெருவில் ஒரு வீட்டு மாடியில் ஷாமியானா போட்டுத் தாலி கட்டினார்கள்.

அக்னி நட்சத்திரம் வந்தபோது ஊர் முழுக்கக் கரைத்தெருவுக்கு வந்தது. வேர்க்குரு பிடித்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பாயும் தலையணையும் கொண்டு வந்தார்கள், பிறகு வேறு ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கம்பளி விற்றவர்கள் வந்தார்கள், அவித்த கடலை விற்றவர்கள் வந்தார்கள். வீட்டுக்காரர்கள் ஹாலை அட்டையால் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். காஜா மைதீனின் பாய்லர் அணைந்ததே இல்லை. முதலில் அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. பிறகு கை வலித்தது. பிறகு ஒரு வாடிக்கையாளர் எழுந்து போனால் இன்னொருவர் வராமல் இருந்தால் தேவலை என்று நினைக்கத் தொடங்கினார்.

பறவைகளும் களைத்துப்போயின. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் ஏதாவது ஒரு கூட்டம் மேலே எழும். கருவால் மூக்கன்களோ, வாத்துகளோ, நெடுங்கால் பூநாரைகளோ, வட்டமடித்து வட்டமடித்து உயரம் பிடித்து வடக்கே திரும்பும், சதுப்பின் விளிம்பில் பனி முடிகிற இடம் வரை போகும், அங்கே கண்ணுக்குத் தெரியாத எதிலோ நெஞ்சு முட்டியதுபோலக் கலைந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குத் திரும்பி விழும். அதைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடியது. விழும்போது சிலர் கை தட்டினார்கள். சூடாமணி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், தணிகாசலமும் பார்ப்பார். அவள் எடுத்த படங்களில் பறவைகளின் இறகோரம் பழைய விளக்குமாற்று முனைபோல் தேய்ந்திருந்தது. கரும்பருந்து தலைக்கு மேல் வந்தாலும் அவை பறப்பதில்லை, ஒற்றைக் காலில் நின்றபடி கழுத்தை மட்டும் இழுத்துக்கொள்ளும்.

இதற்கிடையில் கரைத்தெருவில் இன்னொன்றும் தெரியவந்தது. ரெஜினாவின் மகள் எஸ்தர் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளை நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் வீட்டைவிட்டு அசையாமல் படுத்திருந்தாள். சொன்ன தேதி வந்தது, போனது, அதற்குமேல் ஒரு மாதமும் போனது. வயிறு அப்படியே இருந்தது, குழந்தை உதைத்துக்கொண்டும் இருந்தது, வலி மட்டும் வரவில்லை. கடைசியில் பயந்துபோய் அவள் புருஷன் ஆட்டோ வைத்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் எஸ்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே பெண் குழந்தை பிறந்தது.

அன்றுதான் கரைத்தெருவுக்குப் புரிந்தது. குளிர் போகட்டும் என்று காத்திருந்ததெல்லாம் குளிர் இருக்கும்வரை காத்துக்கொண்டே இருக்கும். உள்ளேயும் வெளியேயும் போய் வருகிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, படுத்தவர்கள் படுத்தபடியே இருந்தார்கள். அது தெரிந்ததும் வேறு ஊர்களிலிருந்து வேன்களில் வருகிறவர்கள் வேறு மாதிரி ஆனார்கள். டாக்டர்கள் கைவிட்டவர்களைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அட்டைத் தடுப்புகளுக்குப் பின்னால் சாவதற்கு இருந்தவர்கள் சாகாமல் படுத்திருந்தார்கள், அவர்களின் மகள்களும் மனைவிகளும் வாசற்படியில் உட்கார்ந்து காஜா மைதீனின் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்துபோனார்கள். சூடாமணி அவர்களைக் கடந்து மதகுக்குப் போவாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

எஸ்தரின் சங்கதியைத் தணிகாசலமும் கேட்டிருந்தார். ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாயை மூடிக்கொண்டு, ஸ்பூனை இடது கையால் விலக்கினார்.

"என்னை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ."

"எந்தப் பக்கம்?"

"வெயிலு."

அவள் காதில் விழாததுபோல் வாயைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அவள் கோபப்பட்டாள், பாத்திரத்தை நங்கென்று வைத்தாள், ரெஜினாவிடம் போய் இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றாள். ரெஜினா எஸ்தரின் குழந்தைக்கு வாங்கிவைத்திருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தபிறகு, அண்ணன் கேக்கறதுல தப்பில்லையே அக்கா என்று மட்டும் சொன்னாள்.

ஆடி பிறந்த பிறகு, ஒரு மத்தியானம், அவரைப் புரட்டிப் போடும்போது சூடாமணியின் கை நழுவியது. அவர் தலை கட்டில் கம்பியில் இடித்தது. அடி ஒன்றும் பெரிதில்லை, ஆனால் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. பிறகு அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அங்க போனா நீங்க பொழைக்கலாம், பொழைக்காமலும் போகலாம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"நான் எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எனக்கே தெரியலைங்க. நீங்க எழுந்து நடக்கணும்னா, இல்ல எனக்கு இது முடிஞ்சா போதும்னா. ரெண்டும் மனசுல இருக்கு. எது பெருசுன்னு தெரியல."

தணிகாசலத்துக்குப் பதிலைச் சேர்த்துக்கொள்ள நேரம் பிடித்தது. பாதி வார்த்தைகள் உதட்டிலேயே நின்றன.

"எனக்கும் தெரியல," என்றார். "நீ தூங்கணும். அது தெரியும்."

மறுநாள் காலை ரெஜினாவும் காஜா மைதீனும் சேர்ந்து அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காஜா மைதீன் முதன்முறையாகப் பாய்லரை அணைத்துவிட்டு வந்திருந்தார். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. ஒருவன் மட்டும், வெளியூரிலிருந்து அம்மாவைக் கொண்டுவந்து வைத்திருந்தவன், குறுக்கே வந்து நின்று, தெரிஞ்சே கொண்டுபோய் விடறீங்களே அம்மா, உங்களுக்கு மனசு வருதா என்று கேட்டான். சூடாமணி, வழி விடுப்பா, வண்டி தள்ளக் கை வலிக்குது என்றாள். அவன் விலகினான். டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் வெயில் தணிகாசலத்தின் முகத்தில் விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாயைத் திறந்து, நாக்கில் வெயில் படும்படி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கழுத்தில் வியர்வை அரும்பியது. அவர் மேல் வியர்வையைப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. சூடாமணி அதைத் துடைக்காமல் விட்டாள்.

ஸ்டுடியோவைத் திறந்து, ஒட்டடை அடித்து, அருவியும் மலையும் வரைந்த பழைய திரைக்கு முன்னால் கட்டிலைப் போட்டார்கள். அவர் உடம்பு நகர ஆரம்பித்தது. ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்லமுடியாதபடி நகர்ந்தது. பேச்சு தெளிந்தது, நுங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதே நேரம் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்போது நாள் ஓடுகிறது என்றார். சூடாமணிக்கு அது போதுமாக இருந்தது. கடைத்தெருவில் அவள் முதன்முறையாக மத்தியானத்தில் தூங்கினாள்.

விடிகாலைப் படத்தை மட்டும் அவள் விடவில்லை. ரெஜினா கடைத்தெருவுக்கு வந்து உட்கார, அவள் எல்லையைத் தாண்டி மதகுக்குப் போய் வந்தாள். அப்படி ஒரு காலை, அவள் திரும்பும்போது பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. இறக்கை தேய்ந்து பறக்க முடியாத ஒரு கருவால் மூக்கன் கரைமேல் ஏறி, அவளுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. டீக்கடையைத் தாண்டி, டிரான்ஸ்பார்மருக்குக் கீழே தேங்கியிருந்த எண்ணெய்க் கறையை ஒரு தாவலில் தாண்டி வெயிலுக்குள் காலை வைத்தது. அங்கே நின்று உடம்பை உதறியது. உதறும்போதே கழுத்தில் செங்கல் நிறம் ஏறுவதைச் சூடாமணி பார்த்தாள், துணியில் சாயம் ஏறுவதுபோல நெஞ்சு வரை இறங்கியது. பிறகு அது நாலடி ஓடி, எழுந்து, மின்கம்பிகளுக்கு மேலே போய், வடக்கே திரும்பி, மறைந்துபோனது. எதிலும் முட்டவில்லை.

அவள் வந்து தணிகாசலத்திடம் சொன்னாள். படம் எடுத்தாயா என்று அவர் கேட்டார். இல்லை, கை வரவில்லை என்றாள். அவர் அதற்கு ஒன்றும் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மத்ததுக்கு யாரு வழி காட்டறது என்றார்.

அன்று காஜா மைதீனின் கடை முன்னால் கூட்டம் கூடியது. யாரும் கூட்டவில்லை, பேச்சு பரவித் தானாகக் கூடியது. பறவைகள் போனால் குளிரும் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எப்படித் தெரியும் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரர்கள் கூடாது என்றார்கள். கம்பளி விற்றவர் கூடாது என்றார். பட்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெருமாளுக்கே அலுத்திருக்கும் என்றார். அட்டைத் தடுப்புகளுக்குப் பின்னால் தங்கள் ஆட்களை வைத்திருந்தவர்கள்தான் அதிகம் கத்தினார்கள், அழுதார்கள், இது கொலை என்றார்கள். சூடாமணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போது, அவளைக் குறுக்கே வந்து மறித்த அதே ஆள் எழுந்து நின்றான்.

"எங்கம்மா தினமும் கேக்கறாங்க," என்றான். "ஏன்டா இன்னும் விடியலைன்னு. நான் பொய் சொல்லிட்டே இருக்கேன். என்னால முடியலைங்க."

அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. ஒரு முடிவும் எடுக்கப்படவில்லை. ஆனால் கலைந்து போகும்போது ஒருவர், நாளைக்கு விடிஞ்சதும் வண்டியெல்லாம் ஓரமா நிறுத்திடுங்க என்றார், மற்றவர்கள் சரி என்றார்கள்.

விடிந்தபோது கரைத்தெருவின் நாய்களைக் கட்டியிருந்தார்கள். பெண்கள் கோலம் போடவில்லை, மிதிபட்டுவிடும் என்பதற்காக. ஆண்கள் முழங்கால் சேற்றில் இறங்கி, கையை அகல விரித்துக்கொண்டு, பேசாமல், மெதுவாகத் தண்ணீரின் அந்தக் கரையிலிருந்து நடந்து வந்தார்கள். முதலில் ஒன்றிரண்டு வாத்துகள்தான் கரையேறின. பிறகு உப்புக்கொத்திகள் ஏறின, பிறகு மூக்கன்கள், அப்புறம் யாரும் ஓட்டவேண்டிய அவசியமே இல்லாமல் சதுப்பு முழுவதும் எழுந்து நடக்கத் தொடங்கியது. பறவைகள் கரைத்தெருவை நிறைத்துக்கொண்டு நடந்தன. சின்னவை ஓட்டமும் நடையுமாக, பூநாரைகள் ஜனங்களின் தோள் உயரத்துக்குத் தலையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, கல்யாண வீட்டிலிருந்து களைத்துத் திரும்பும் உறவுக்காரர்களைப் போல, அவசரமில்லாமல், ஒன்றையொன்று இடிக்காமல் நடந்தன. சத்தம் போடவில்லை. தெருவெல்லாம் ஈரக் கால்கள் படும் சத்தம் மட்டும்தான். வாசல்களில் நின்றவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். படுத்திருந்தவர்களின் கட்டில்களை ஜன்னலுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள்.

டிரான்ஸ்பார்மரைத் தாண்டியவை உடனே பறக்கவில்லை. பழைய பழக்கத்தில் இன்னும் நடந்தன, நடுத்தெரு வழியாகக் கடைத்தெருவுக்குள் வந்தன, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக நிறம் மாறின. மீன் மார்க்கெட் சந்தில் திரும்பிவிடாமலிருக்க அந்த முனையில் சூடாமணி கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். கேமரா ஸ்டுடியோவில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு நேர் எதிரே ஸ்டுடியோவின் திறந்த ஷட்டருக்குள், தலையணைகளை அண்டக்கொடுத்துத் தணிகாசலத்தை உட்கார வைத்திருந்தாள் ரெஜினா. அவர் முன்னால் தெரு முழுக்கப் பறவைகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு சிவந்த மூக்கன் நின்று, ஸ்டுடியோவின் படியில் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப்போனது. அவர் சூடாமணியைப் பார்த்தார். அவள் கையை இறக்க முடியாமல் அங்கிருந்தே அவரைப் பார்த்தாள். பிறகு பஸ் நிலையத்துத் திடலில் முதல் கூட்டம் எழுந்தது, அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது. எழும் காற்றில் கடைகளின் பெயர்ப்பலகைகள் ஆடின, சூடாமணியின் புடவைத் தலைப்பு முகத்தில் வந்து அடித்தது. அதை விலக்கிப் பார்த்தபோது தெரு காலியாக இருந்தது.

மத்தியானத்துக்குள் கரைத்தெருவில் வெயில் வந்துவிட்டது. பல மாதங்களில் செய்திருக்கவேண்டியதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்து முடித்தது. தண்ணீர் இறங்கியது, கோரை சாய்ந்தது, சேறு வெடித்தது. படுத்திருந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பறை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்த வெளியூர்க்காரனின் அம்மா விடிகாலையில், ஜன்னலில் வெளிச்சம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாள் என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். வேன்கள் திரும்பிப் போயின. காஜா மைதீன் கடையை மூடிவிட்டு ஒரு வாரம் மாமியார் ஊருக்குப் போனார்.

தணிகாசலம் ஆவணியில், ஒரு மழை மத்தியானம் இறந்துபோனார். ரெஜினா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள், சூடாமணி கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் போனதைக் கவனித்த ரெஜினா, சூடாமணியை உடனே எழுப்பவில்லை. மழை விடும்வரை அவளைத் தூங்கவிட்டாள். பிறகு அதற்காக மன்னிப்புக் கேட்டாள். சூடாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சரிதான், அவரும் அதைத்தான் செய்திருப்பார் என்றாள். அழுகை வரக் காரியம் முடிந்து சில நாட்கள் ஆயின. வந்தபோது நிற்கவில்லை.

புரட்டாசியில் அவள் ஸ்டுடியோவை மறுபடி திறந்தாள். வந்தவர்களை உட்கார வைத்து, சீப்பும் பவுடரும் தானே கொடுத்து, படமும் தானே எடுத்தாள். சதுப்புக்குப் போகவில்லை. போகாமல் இருக்கவேண்டும் என்று இல்லை, விடிகாலையில் தூக்கம் நன்றாக வந்தது.

ஐப்பசியில் பறவைகள் வந்தன. பெரும்பாலானவை வழக்கம்போல வானத்திலிருந்து சதுப்பில் இறங்கின, கரைத்தெருக்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஆனால் ஒரு காலை, பஸ் நிலையத்துப் பக்கமிருந்து ஹாரன் சத்தங்கள் அடங்கிக்கொண்டே வருவதைக் கேட்டுச் சூடாமணி ஸ்டுடியோவின் வாசலுக்கு வந்தாள். கடைத்தெருவின் நடுவில் ஒரு சின்னக் கூட்டம் கருவால் மூக்கன்கள் நடந்து வந்துகொண்டிருந்தன. எவ்வளவு தூரத்திலிருந்து நடக்கத் தொடங்கினவோ, கால்களில் செம்மண் அப்பியிருந்தது. அவற்றின் பின்னால் ஒரு டவுன் பஸ் என்ஜினை அணைத்துவிட்டு நின்றிருந்தது. டிரைவர் ஸ்டீயரிங்மேல் கையை மடித்து வைத்து அதன்மேல் முகவாயை வைத்துக்கொண்டிருந்தார். பூக்காரி கூடையை ஓரமாக இழுத்துக்கொண்டாள். சூடாமணி நடைபாதையில் வைத்திருந்த பெயர்ப்பலகையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அவை தாண்டிப் போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.